வெல்டர் டெஸ்ட்: எதைத் தேர்வது, எப்படித் தேறுவது

கோவில்பட்டி வட்டாரத்து வெல்டிங் பட்டறைகளுக்கு வேலைப் பஞ்சம் இல்லை. டிராக்டர் டிரெய்லர், கலப்பைச் சட்டம், தண்ணீர் டேங்கர், ஆலை ஷெட்டின் இரும்புக் கூரை, வீட்டு கேட், ஜன்னல் கிரில் என்று ஏதாவது வந்துகொண்டேயிருக்கும். பள்ளியை விட்டதும் மாமா பட்டறையிலோ சித்தப்பா பட்டறையிலோ ராடு பிடிக்கத் தொடங்கிய பையன் இரண்டு மூன்று வருடத்தில் தனி ஆளாக டிரெய்லர் கட்டிவிடுகிறான். அவனே உடன்குடி அனல்மின் நிலையக் கட்டுமானத்துக்கோ, திருச்சிப் பக்கத்து பாய்லர் பட்டறைகளுக்கோ வேலை கேட்டுப் போனால், இரண்டு துண்டுக் குழாயைக் கையில் கொடுத்து ஜாயின்ட் அடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் பலர் திரும்பி வருகிறார்கள்.

உழைப்புக் குறைவால் அவர்கள் தோற்பதில்லை. பட்டறை வேலையில் வெல்டு பிடித்து நின்றால் போதும்; வெளிப்பக்கம் பார்வையாக இருந்தால் வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிடுவார். டெஸ்டில் நீங்கள் அடித்த துண்டை, அதாவது கூப்பனை, அறுத்து வளைக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்கிறார்கள். ஜாயின்ட்டின் அடிப்பகுதியான ரூட் உள்ளே முழுதாக உருகி இறங்கியிருக்கிறதா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்குத் தயாராவது எப்படி, எந்த டெஸ்டுக்குத் தயாராவது என்ற இரண்டையும் இந்த அத்தியாயம் சொல்கிறது. முதலில் மனதில் பதிய வேண்டியது: எல்லா வெல்டர் சான்றிதழுக்கும் எல்லை உண்டு. அந்த எல்லையைப் படிக்கத் தெரிந்தவர் தன் வேலைக்கு வேண்டிய டெஸ்டை அடிப்பார். தெரியாதவர் பணம் கட்டி வாங்கிய தாளோடு கேட்டில் நிற்பார்.

மூன்று வகைத் தாள்கள்

ஐ.டி.ஐ. சான்றிதழ். வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. 8ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். நம் பக்கத்தில் நாகலாபுரம், வேப்பலோடை, தூத்துக்குடி, திருநெல்வேலி பேட்டை ஆகிய ஊர்களில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. எந்த நிலையத்தில் எந்தப் பிரிவுக்கு இடம் இருக்கிறது என்பதை அந்தந்த ஆண்டு சேர்க்கை அறிவிப்பில் பாருங்கள். அரசு நிலையத்தில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடிவில் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேறினால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். பட்டறையிலேயே வளர்ந்தவர்களுக்கும் வழி இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் தனித்தேர்வராக அதே தேர்வை எழுதலாம் என்று வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும். அருகிலுள்ள அரசு ஐ.டி.ஐ.யில் கேட்டு வையுங்கள். இந்தச் சான்றிதழ் உங்களைத் தொழில் படித்தவர் என்று காட்டும். அப்ரண்டிஸ் சேரவும், அரசு மற்றும் பொதுத்துறை வேலைக்கு விண்ணப்பிக்கவும் இதுவே அடிப்படை.

கோடு டெஸ்ட். குழாய், பிரஷர் வெஸல், பாலம், கட்டடச் சட்டம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விதிநூல் உண்டு. பாய்லரும் பிரஷர் பைப்பும் செய்யும் இடங்களில் அமெரிக்க ஆஸ்மி விதிகளின் 9ஆம் பிரிவு. கட்டமைப்பு இரும்பு வேலையில் ஏ.டபிள்யூ.எஸ். டி1.1, ஐரோப்பிய நிறுவனங்களில் ஐ.எஸ்.ஓ. 9606; இந்தியத் தரத்தில் ஐ.எஸ். 7310. இவற்றில் எதற்கு அடிப்பது என்பதை வேலை கொடுப்பவர்தான் சொல்ல வேண்டும். ஆஸ்மி விதிப்படி வெல்டரைச் சோதிப்பது அவரை வேலைக்கு வைக்கும் நிறுவனத்தின் பொறுப்பு. ஆகவே ஒரு கம்பெனியில் தேறிய தாள் இன்னொரு கம்பெனிக்குத் தானாகச் செல்லாது; புது இடத்தில் பெரும்பாலும் மறுபடி அடிக்கச் சொல்வார்கள். 'வாழ்நாள் முழுக்கச் செல்லும் சர்வதேசச் சான்றிதழ்' என்று விளம்பரம் செய்யும் தனியார் பயிற்சி மையத்தைக் கண்டால் விலகி நடங்கள். அங்கே வாங்கத் தகுந்தது பயிற்சி மட்டுமே.

ஐ.பி.ஆர். சான்றிதழ். நீராவி பாய்லரிலும் நீராவிக் குழாயிலும் கை வைக்க இது வேண்டும். 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளில் வெல்டர் தேர்வுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. கொதிகலன் துறையின் மேற்பார்வையில் டெஸ்ட் நடக்கும். குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தூத்துக்குடியின் 5 யூனிட் அனல்மின் நிலையமாகட்டும், தலா 660 மெகாவாட்டில் இரண்டு யூனிட்டாக எழும் உடன்குடி நிலையமாகட்டும், பாய்லர் பக்கம் நல்ல கூலி வாங்கும் வெல்டர் ஐ.பி.ஆர். வைத்திருப்பவர்தான்.

பாய்லர் குழாய் வேலைக்கே போவது என்று முடிவு செய்தவர்கள் திருச்சியைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெல் நிறுவனம் 1975இல் அங்கே தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வெல்டர்களுக்கும் இன்ஸ்பெக்டர்களுக்கும் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது.

சான்றிதழின் எல்லையைப் படிப்பது

சான்றிதழில் முதலில் கண்ணில் படுவது பொசிஷன். தட்டையாக வைத்து மேலிருந்து அடிப்பது 1ஜி. தட்டு நிற்க, ஜாயின்ட் கிடைக்கோடாக ஓடுவது 2ஜி. கீழிருந்து மேலாகச் செங்குத்தாகப் போவது 3ஜி. தலைக்கு மேல் 4ஜி. குழாயைக் கிடையாக நிறுத்தி, உருட்டாமல் சுற்றி அடிப்பது 5ஜி. அதே குழாயை 45 டிகிரி சாய்த்து, உருட்டாமல் அடிப்பது 6ஜி. ஃபில்லட் வெல்டு என்றால் ஜி இருக்கும் இடத்தில் எஃப் வரும்.

ஆஸ்மி விதியில் 6ஜி தேறியவர் எல்லா பொசிஷனிலும் வேலை செய்யலாம். அதனால்தான் எங்கே போனாலும் 6ஜி கேட்கிறார்கள். தட்டில் 3ஜியும் 4ஜியும் தேறிவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அதில் 2ஜி சேராது; தனியாக அடிக்க வேண்டும். தட்டில் தேறிய 3ஜியை வைத்துக் குழாயில் செங்குத்து வேலை செய்யவும், அந்தக் குழாயின் வெளிவிட்டம் 610 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். தட்டில் மட்டும் தேறியவரை வீட்டுக் குழாய் பருமனுள்ள பைப் பக்கமே விடமாட்டார்கள் என்பது இதன் பொருள்.

அடுத்தது விட்டமும் தடிமனும். அடிக்கடி வைக்கும் ஒரு கூப்பனை எடுத்துக்கொள்வோம்: 6 அங்குலம், ஷெட்யூல் 80 குழாய், 6ஜி, ரூட் ஆர்கான் வெல்டிங்கில், மீதி 7018 ராடு கொண்டு ஆர்க் வெல்டிங்கில். குழாயின் வெளிவிட்டம் 168.3 மி.மீ.; சுவரின் தடிமன் ஏறத்தாழ 11 மி.மீ. இதில் 3 மி.மீ. ஆர்கானும் 8 மி.மீ. ஆர்க்கும் படிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

• விட்டம்: 73 மி.மீ. முதல் அதற்கு மேல் எல்லாம். அதற்குக் கீழே செல்லாது.

• தடிமன்: படிந்த அளவில் இரண்டு மடங்கு. ஆர்கானுக்கு 6 மி.மீ. வரை, ஆர்க்குக்கு 16 மி.மீ. வரை.

• ரூட்: பின்தட்டு இல்லாமல் திறந்த ரூட் அடித்தது ஆர்கான்தான். ஆர்க், ஆர்கான் படிவின் மேல் ஏறியது; அந்தப் படிவே அதற்குப் பின்தட்டு. அதனால் ஆர்க்குக்குப் பின்தட்டுள்ள தகுதிதான் கிடைக்கும். இந்தத் தாளை வைத்து ஆர்க்கில் திறந்த ரூட் அடிக்க முடியாது.

இதே டெஸ்டை 2 அங்குலக் குழாயில் அடித்திருந்தால் வெளிவிட்டம் 60.3 மி.மீ.; தகுதி 25 மி.மீ. விட்டத்திலிருந்தே தொடங்கும். சின்னக் குழாயில் கை திரும்புவது கடினம், ஆனால் தகுதி அகலம். ஒரு வெல்டிங் முறையில் 13 மி.மீ.யோ அதற்கு மேலோ, குறைந்தது மூன்று அடுக்காகப் படிய வைத்தால் தடிமனுக்கு மேல்வரம்பே இல்லை. எந்தக் கூப்பன் வேண்டும் என்று தேர்வு செய்யும் வாய்ப்பு கிடைத்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

பட்டறைக் கையை டெஸ்டுக்குப் பழக்குவது

நம் பட்டறைகளில் ஓடும் ராடு 6013. ஏ.சி. செட்டிலும் எரியும், எளிதாகப் பற்றும், பார்வையான வெல்டு விழும். டெஸ்டில் பெரும்பாலும் கொடுப்பது 7018. அதை டி.சி. செட்டில், ஹோல்டரை பாஸிட்டிவில் போட்டு எரிக்க வேண்டும். பழைய ஆயில் செட்டில் பழகிவிட்டு டெஸ்டுக்குப் போகாதீர்கள். டி.சி. தரும் இன்வெர்ட்டர் செட் இருக்கும் பட்டறையைத் தேடிப் பழகுங்கள்.

7018ஐ ஆர்க் நீளம் மிகக் குறைவாக, ராடு உலோகத்தைத் தொடுவதுபோல வைத்து நகர்த்த வேண்டும். 6013 பழக்கத்தில் ராடை முன்னும் பின்னும் ஆட்டினால் ஆர்க் நீண்டு, காற்று புகுந்து, உள்ளே துளைகள் விழும். ராடு மாற்றி மறுபடி தொடங்கும் இடத்தில்தான் துளை அதிகம். முந்தைய குழிக்குச் சற்று முன்னால் பற்றவைத்து, பின்னுக்கு வந்து குழியை உருக்கிவிட்டு, அதன் மேலேயே முன்னேறுங்கள். பற்றவைத்த தடம் வெல்டுக்குள் கரைந்துவிடும்.

7018 ஈரத்தை இழுக்கும். ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் வெல்டு ஆறிய பிறகு விரிசலை உண்டாக்கும். பாக்கெட்டில் உற்பத்தியாளர் அச்சிட்டிருக்கும் வெப்பத்திலும் நேரத்திலும் ஓவனில் சுட்டு, சூடான பெட்டியில் வைத்து, தேவைக்கு ஒவ்வொன்றாக எடுங்கள். சித்திரை வெயிலில் நம் ஊர்க் காற்று காய்ந்துகிடப்பதால் இந்தப் பழக்கம் தேவையில்லை என்று தோன்றும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் திறந்து கிடந்த பாக்கெட் அதற்குப் பதில் சொல்லிவிடும். ராடைத் தரையில் கிடத்தும் வெல்டரை எந்த இன்ஸ்பெக்டரும் நம்புவதில்லை.

பயிற்சியை இந்த வரிசையில் கொண்டுபோங்கள்:

1. தட்டையான இரும்பில் 7018 கொண்டு நேர்கோட்டு பீடுகள். அகலமும் உயரமும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றாக வரவேண்டும்.

2. 2எஃப், 3எஃப் ஃபில்லட். அடித்த துண்டைச் சுத்தியலால் உடைத்து உள்ளே பாருங்கள். மூலை உருகாமல் கோடாகத் தெரிந்தால் ஆம்பியரும் ராடு சாய்வும் தவறு.

3. 10 அல்லது 12 மி.மீ. தட்டில் 3ஜி திறந்த ரூட். பிறகு 2ஜி, 4ஜி.

4. குழாயில் 2ஜி, 5ஜி. இரண்டும் கைக்கு வந்த பிறகே 6ஜி.

நேரே 6ஜியில் ஏறிப் பழகுகிறவர்கள் மாதக்கணக்கில் அதிலேயே சிக்குகிறார்கள். 6ஜியில் உள்ளது 2ஜியும் 5ஜியும் கலந்த கை அசைவுதான்.

ரூட் சரியாக விழ

டெஸ்டில் தோற்பவர்களில் பெரும்பாலோர் ரூட்டில்தான் தோற்கிறார்கள். ரூட்டின் பாதி வேலை ஆர்க் பற்றுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

ஒவ்வொரு பக்கமும் 30 முதல் 37.5 டிகிரி வரை பெவல். அதன் முனையில் 1 முதல் 1.5 மி.மீ. வரை தட்டையான விளிம்பு. இரு துண்டுக்கும் நடுவே 2.5 முதல் 3 மி.மீ. வரை இடைவெளி, சுற்றிலும் ஒரே அளவாக. உள்ளும் வெளியும் ஓர் அங்குலத்துக்குத் துரு, பெயின்ட், எண்ணெய், உருட்டாலைக் கருஞ்செதில் எல்லாம் நீங்கி வெள்ளை இரும்பு தெரிய வேண்டும். இரு துண்டின் உள்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். செய்முறைத் தாளான டபிள்யூ.பி.எஸ்.ஸில் வேறு அளவு இருந்தால் அதுவே சட்டம்.

குழாயைக் கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். 6 மணியில் தொடங்கி இரு பக்கமும் ஏறி 12 மணியில் முடிப்பதால் அந்த இரண்டு புள்ளிகளிலும் டேக் வைக்காதீர்கள். டேக்கின் இரு முனைகளையும் கிரைண்டரால் சாய்வாக இழைத்து மெல்லிசாக்கினால் ரூட் அதனோடு தடையின்றிக் கலக்கும்.

அடிக்கும்போது கண் ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்கக்கூடாது. உருகு குளத்தின் முன்விளிம்பைப் பார்க்க வேண்டும். இரு பெவலின் முனையும் உருகி, சாவித்துவாரம்போல ஒரு சிறு துளை முன்னால் போய்க்கொண்டே இருந்தால் ரூட் உள்ளே இறங்குகிறது. துளை மூடிக்கொண்டால் உருகல் போதவில்லை. பெரிதாகிக்கொண்டே போனால் வெப்பம் மிகுதி, உள்ளே ஒழுகும். 2.4 மி.மீ. கம்பியில் ஆர்கான் ரூட்டுக்குப் பொதுவாக 90 முதல் 120 ஆம்பியர், 2.5 மி.மீ. 7018க்கு 70 முதல் 100, 3.15 மி.மீ.க்கு 100 முதல் 140. செங்குத்திலும் தலைக்கு மேலும் குறைந்த பக்கமே பாதுகாப்பு.

ஆர்கான் காற்றுக்குக் கலையும். எங்கள் கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, திறந்த வெளியில் அடிக்கும் ஆர்கான் ரூட்டை ஓட்டை ஓட்டையாக்கிவிடும். தார்ப்பாய் கட்டி மறைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டெஸ்ட் நாள்

முந்தைய இரவு தூங்குங்கள்; இரவு பஸ்ஸில் போய் இறங்கியதும் கூப்பனைக் கையில் வாங்காதீர்கள். அடையாள அட்டை, சான்றிதழ் நகல்கள், புகைப்படம், பழகிய கையுறை, ஷீல்டு, கண்ணாடி ஆகியவற்றோடு போங்கள். 80 முதல் 150 ஆம்பியர் வரையிலான ஆர்க்குக்கு 10 அல்லது 11ஆம் எண் கறுப்புக் கண்ணாடி ஏற்றது.

டபிள்யூ.பி.எஸ்.ஸைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புரியாததைத் தொடங்கும் முன்பே கேளுங்கள். ரூட்டை உள்பக்கம் கிரைண்டர் வைக்கலாமா, குழாயை இறக்கிப் பார்க்கலாமா என்பதை வாயால் உறுதிசெய்துகொள்ளுங்கள். கூப்பனில் உங்கள் எண்ணைக் குத்தியதும் 12 மணிப் புள்ளியையும் குறித்துவிடுங்கள். ஒரு வேஸ்ட் துண்டில் ஆம்பியரைச் சரிபார்த்த பிறகே டேக் வையுங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஸ்லாக்கை முழுக்க எடுத்து, ஓரங்களில் கறுப்புக் கோடு இல்லை என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நேரம் போகிறதே என்று ஃபில்லிங்கில் ஸ்லாக்கின் மேல் ஏறியவரை எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும்.

மேற்பார்வையாளர் தீப்பாதுகாப்பு பற்றிக் கேட்கலாம். தீப்பெட்டி ஆலைகள் நிறைந்த ஊரில் வளர்ந்தவருக்கு ஒரு பொறி என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைப் பணிமுறையாகச் சொல்லத் தெரிய வேண்டும்: ஹாட் ஒர்க் பெர்மிட் இல்லாமல் தொடங்கக்கூடாது, சுற்றிலும் 35 அடி தொலைவுக்குள் எரியக்கூடியவற்றை அகற்ற வேண்டும், முடியாவிட்டால் தீப்பிடிக்காத போர்வையால் மூட வேண்டும், வேலை முடிந்தும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் காவல் நிற்க வேண்டும். வியர்வையில் நனைந்த கையுறை மின்சாரத்தைத் தடுக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் வெயிலில் ஒரு ஜோடி போதாது. மாற்று ஜோடி வைத்திருங்கள்.

கூப்பனை எப்படிப் பார்க்கிறார்கள்

முதலில் கண்பார்வை. விரிசல், உருகாத இடம், ரூட் இறங்காத இடம் இருந்தால் அத்தோடு முடிந்தது. ஓரத்தில் பள்ளம் விழுந்த அண்டர்கட், மிதமிஞ்சிய கேப்பிங் உயரம் ஆகியவற்றுக்கு நிறுவனம் தன் வரம்பை வைத்திருக்கும்.

பிறகு வளைவுச் சோதனை அல்லது எக்ஸ்ரே. 6ஜி கூப்பனிலிருந்து நான்கு பட்டைகளை அறுத்து, யு வடிவத்துக்கு 180 டிகிரி வளைப்பார்கள். ரூட் வெளிப்புறமாக வளையும் பட்டையில்தான் ரூட்டின் குறை வாயைத் திறக்கும். வளைந்த முகத்தில் 3 மி.மீ.க்கு மேல் திறந்த குறை எதுவும் இருக்கக்கூடாது. எக்ஸ்ரேயில் விரிசலுக்கும் உருகாத இடத்துக்கும் மன்னிப்பே கிடையாது.

பயிற்சிக் காலத்திலேயே உங்கள் துண்டுகளை அறுத்து, ஒரு வைஸிலோ ஹைட்ராலிக் ஜாக்கிலோ வளைத்துப் பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பட்டறை மாஸ்டரின் பாராட்டைவிட வளைத்த பட்டை உண்மை சொல்லும்.

வெளிநாடு போகிறவர்களுக்கு

10ஆம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட், வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் சேரும். ஆகவே 8ஆம் வகுப்போடு ஐ.டி.ஐ. சேர்ந்தவர்கள் 10ஆம் வகுப்பையும் தனியாக எழுதித் தேறிவிடுங்கள். சவுதி வேலை விசாவுக்கு வெல்டர்கள் அந்நாட்டின் திறன் சரிபார்ப்புத் தேர்வை இந்தியாவிலேயே எழுத வேண்டியிருக்கும். ஏஜெண்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று நகையை அடகு வைத்துக் கொடுக்கும் முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் கேட்டுப் பாருங்கள்.

தேறிய பிறகும், தோற்ற பிறகும்

தேறினால் தாளின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்மி விதியில் ஒரு வெல்டிங் முறையில் தொடர்ந்து 6 மாதம் வேலை செய்யாவிட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகும். ஒரு நோட்டுப் போட்டு, எந்தத் தேதியில், எந்த முறையில், எந்தக் குழாயில் வேலை செய்தீர்கள் என்று எழுதி, மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அடுத்த கம்பெனியில் உங்களுக்காகப் பேசப்போவது அந்த நோட்டு.

தோற்றால் கூப்பனைக் கேட்டு வாங்கி, எந்த மணிப் புள்ளியில், எந்த அடுக்கில் குறை என்று பாருங்கள். உடனே மறுவாய்ப்பு தருவதாகச் சொன்னால் கவனம்: ஆஸ்மி விதியில் உடனடி மறுதேர்வுக்கு, தோற்ற பொசிஷன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூப்பன்கள் அடித்து இரண்டிலும் தேற வேண்டும். குறையின் காரணம் புரிந்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். புரியாவிட்டால் மேலும் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பயிற்சிக்குப் பின் முறையாக மறுபடி அடிக்க விதி இடம் தருகிறது.

மழையை நம்பி விதைக்கிற மண் நம்முடையது. ஒரு பருவம் பொய்த்தால் வீட்டின் கணக்கே மாறிவிடும். 6ஜி அடிக்கத் தெரிந்த ஒரு கை அந்த வீட்டுக்கு வருடம் முழுக்க வருமானம். அந்தக் கையைப் பழக்க ஆகும் மாதங்களை யாரும் வீணென்று சொல்ல விடாதீர்கள்.